கட்டாயக் கல்யாணம்: டீச்சர், நர்ஸ், ஐயர் முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துத் தமிழர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர் சாட்ஸ்வர்த்தில் பாடம் நடத்தும் டீச்சராக இருப்பார், ஃபீனிக்ஸ் கிளினிக்கில் நர்ஸாக இருப்பார், டொங்காட் பக்கம் கோவிலில் பூஜை செய்யும் ஐயராகவும் இருப்பார். ஒரு பெண் அவரிடம் வந்து, "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம், வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்" என்று சொல்லியிருப்பாள். இனி என்ன செய்வது? பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவதா, சோஷியல் வொர்க்கரிடம் சொல்வதா, போலீஸ், கோர்ட் என்று போவதா, இல்லை யாருக்கும் சொல்லாமல் அவளுக்கு மட்டும் துணையாக நிற்பதா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு 18 வயது ஆகவில்லை என்றால், பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் உரிமையே உங்களுக்கு இல்லை. 18 ஆகிவிட்டது என்றால் அந்த உரிமை அவளுடையது. இரண்டிலுமே, நம்மவர்களுக்கு முதலில் தோன்றும் வழி, அதாவது "பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்ப்பது", கடைசியில் நிற்க வேண்டிய வழி. இதற்கான காரணங்களைக் கீழே எழுதியிருக்கிறேன்.

## கட்டாயம் என்று எப்படித் தெரிந்துகொள்வது

பெற்றோர் பார்த்து வைக்கும் கல்யாணத்தில் சட்டத்துக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஜாதகம் பார்ப்பதும், போட்டோ அனுப்புவதும், சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரன் தேடுவதும் குற்றமில்லை. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அவள் "வேண்டாம்" என்று சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்றால் அது வேறு. படிப்பை நிறுத்துவார்கள், போனைப் பிடுங்குவார்கள், அறையில் பூட்டுவார்கள், அம்மா தூக்க மாத்திரை பாட்டிலைக் கையில் எடுத்துக் காட்டுவார் என்றால் அது சம்மதம் ஆகாது. மிரட்டலில் அடி உதை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. "நீ மறுத்தால் தாத்தா நெஞ்சு வெடித்துச் செத்துவிடுவார்" என்பதை மாதக்கணக்கில் கேட்ட பிள்ளை, கடைசியில் தானே தலையாட்டிவிடும்.

ஒவ்வொரு வேலையில் இருப்பவருக்கும் ஒவ்வொரு பக்கம் தெரியும். டீச்சருக்குத் தெரிவது: மெட்ரிக் வருடத்தில் (பள்ளியின் கடைசி வருடம்) நன்றாகப் படித்தவள் யுனிவர்சிட்டி விண்ணப்பத்தைப் பாதியில் விடுகிறாள், இடைவேளையில்கூடத் தம்பியோ கசினோ அவளைக் கண்காணிக்கிறார்கள், அக்காவும் இதே வயதில் பள்ளியை விட்டுப் போனவள், டிசம்பர் லீவு நெருங்க நெருங்க எல்லோரும் குதூகலமாக இருக்க, இவள் மட்டும் ஒடுங்கிப் போகிறாள். நர்ஸுக்குத் தெரிவது: காரணம் பிடிபடாத தலைவலி, தூக்கமின்மை, கையில் கீறல்கள், அளவுக்கு மீறி விழுங்கிய மாத்திரைகள், பரிசோதனை அறையைவிட்டு வெளியே போகாமல் எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்லும் அம்மாவோ மாமியாரோ. அலுவலகத்தில் பணியாளர் விவகாரம் பார்ப்பவருக்கு: சம்பளம் அப்பாவின் கணக்குக்குப் போகிறது, நீண்ட லீவைக் கேட்டவள் திரும்பி வரும் தேதியைச் சொல்லத் தயங்குகிறாள்.

ஐயருக்குத் தெரிவதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் பார்க்கும் கட்டம் கடைசிக் கட்டம். முகூர்த்தத்துக்குக் காரணமில்லாத அவசரம், பெண்ணை ஒருதரம்கூடத் தனியே பார்க்க விடாத குடும்பம், "அவளுக்குக் கூச்சம் சாமி" என்று எல்லாவற்றுக்கும் சிரித்து மழுப்பும் பெரியம்மா. நலங்கு வைக்கும் நாள்வரை காத்திருந்தால், மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் பணம் கட்டியாகிவிடும், ஐநூறு பேருக்குப் பத்திரிகை போயிருக்கும். அதற்குப் பிறகு யார் பேசினாலும் எடுபடாது.

ஆண்பிள்ளைகளையும் மறந்துவிடக் கூடாது. ஆண்களை விரும்புகிறான் என்று வீட்டில் சந்தேகம் வந்த மகன், கற்றல் குறைபாடு உள்ள மகன் ஆகியோருக்கு "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்றோ, "எங்களுக்குப் பிறகு பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்" என்றோ ஊரிலிருந்து பெண்ணைக் கொண்டு வருகிறார்கள். அதில் சில சமயம் அகப்பட்டவர்கள் இரண்டு பேர்.

ஒரு அறிகுறியை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனால் பல சேர்ந்து வந்தால், அவளைத் தனியாகப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு, நேராகக் கேட்டுவிடுங்கள். பிரிட்டன் அரசின் வழிகாட்டுதலில் இதற்கு ஒரு விதி உண்டு: அவளோடு பேச உங்களுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைக்கும் என்று நினைத்துச் செயல்படுங்கள் என்பது. தென்னாப்பிரிக்காவுக்கும் இது பொருந்தும். "அடுத்த வாரம் வா, விரிவாகப் பேசலாம்" என்று சொல்லி அனுப்பிய பெண் அடுத்த வாரம் வராமலே போகலாம்.

மொழியிலும் ஒரு கவனம் வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமே வீட்டு மொழி, பிரச்சினை இல்லை. ஆனால் கல்யாணமாகி ஊரிலிருந்து வந்த பெண்ணுக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்படும். நாத்தனாரையோ, கூட வந்த ஆன்ட்டியையோ, அதே கோவிலுக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரரையோ வைத்து மொழிபெயர்க்கவே கூடாது. போனில் வேறு ஊர்க்காரர் ஒருவரைப் பிடிப்பது மேல்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயங்கள். வயது. வீட்டுக்கு எப்போது தெரியவரும் என்பது. எவ்வளவு வேகமாக வேலை நடக்கும் என்பது. பிறகு பின்வாங்க முடியுமா என்பது. கடைசியாக, அவள் என்ன விலை கொடுப்பாள் என்பது: வீடு, படிப்பு, தங்கச்சிகள், பணம், ஊர்ப் பேச்சு.

இவற்றில் இரண்டாவதுக்கு நான் அதிக எடை கொடுப்பேன். அவள் உதவி கேட்டிருக்கிறாள் என்ற செய்தி, அவள் பாதுகாப்பான இடத்துக்குப் போகும் முன் வீட்டை எட்டிவிட்டால் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. தேதி முன்னால் நகரும், பாஸ்போர்ட் எடுக்கப்படும், பள்ளிக்கு "உடம்பு சரியில்லை" என்று கடிதம் வரும்.

| வழி | யாருக்கு | வீட்டுக்கு எப்போது தெரியும் | வேகம் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| பெற்றோரோடு பேசுவது | மிரட்டல் இல்லாத, 18 தாண்டிய, அவளே கேட்கும் நிலையில் மட்டும் | உடனே | வேகம் போலத் தோன்றும் | திரும்ப உதவி கேட்கும் வாய்ப்பு போய்விடலாம் |
| சோஷியல் வொர்க்கர், ஃபார்ம் 22 (பிள்ளையைப் பற்றிப் புகார் கொடுக்கும் படிவம்) | 18க்குக் கீழ் எல்லோருக்கும் | விசாரணை தொடங்கியதும் | ஆளைப் பொறுத்தது | வீடு மாறலாம், பள்ளி மாறலாம் |
| போலீஸ், பாதுகாப்பு உத்தரவு | உடனடி ஆபத்து, அடி, பூட்டி வைத்தல், வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விடும் பயம் | உத்தரவு கையில் கிடைத்ததும் | மிக வேகம் | கோர்ட்டில் அப்பாவுக்கு எதிரே நிற்க வேண்டும் |
| ரகசியத் துணை, தங்குமிடம் | 18 தாண்டியவர் | அவள் சொல்லும்போது | அவள் வேகம் | வருமானம், தனிமை |

## பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவது

இது ஏன் கவர்ச்சியாக இருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. நம் சமூகம் சிறியது. 1860இல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து வந்து இறக்கிய காலத்திலிருந்து, அரசாங்கத்திடம் போகாமல் நாமே தீர்த்துக்கொண்ட பழக்கம் நமக்கு. கோவில் கமிட்டித் தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் அப்பா அடங்குவார் என்ற நம்பிக்கையும் உண்டு. சில வீடுகளில் அது உண்மையும்கூட.

ஆனால் நடப்பதைப் பாருங்கள். பேச்சுவார்த்தை என்றால் இரு பக்கமும் சமமாக உட்கார வேண்டும். ஒரு பக்கம் அப்பா, அம்மா, இரண்டு மாமா, பெரியப்பா. இன்னொரு பக்கம் 19 வயதுப் பெண், அன்றிரவு தூங்கப் போகும் வீடும் அதே வீடு. கூட்டத்தில் எல்லோரும் "சரி, பிள்ளை விருப்பம்தான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். நீங்களும் நிம்மதியாக வீட்டுக்குப் போவீர்கள். அதற்குப் பிறகு அவள் உங்களிடம் வரவே மாட்டாள், ஏனென்றால் அவளுடைய ரகசியத்தை நீங்கள் எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள் என்று அவளுக்குத் தெரியும்.

பிரிட்டனின் வழிகாட்டுதல், கட்டாயக் கல்யாண விஷயத்தில் குடும்பச் சமரசம் செய்யப் போகாதீர்கள் என்று தொழில்முறையாளர்களை வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. அங்கே வாரிங்டனில் 2003இல் 17 வயதுப் பெண் ஒருத்தி கொல்லப்பட்டாள். பாகிஸ்தானில் கல்யாணப் பேச்சு நடந்தபோது ப்ளீச் குடித்தவள். டீச்சர்களுக்கும் சோஷியல் வொர்க்கர்களுக்கும் அவளுடைய வீட்டு நிலை முன்பே ஓரளவு தெரிந்திருந்தது. பெற்றோர் குற்றவாளிகள் என்று 2012இல்தான் தீர்ப்பு வந்தது.

இந்த வழி பொருந்தும் இடம் மிகக் குறுகியது: அவளுக்கு 18 தாண்டியிருக்க வேண்டும், அடி மிரட்டல் எதுவும் இருந்திருக்கக் கூடாது, யாரிடம் பேசலாம் என்று அவளே ஆளைச் சொல்ல வேண்டும் (பெரும்பாலும் அது அப்பாவாக இருக்காது, ஒரு அத்தையாகவோ ஆயாவாகவோ இருக்கும்), பேச்சு உடைந்தால் அன்றிரவே போக இடம் தயாராக இருக்க வேண்டும். நான்கில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம்.

ஐயர்மாருக்கு மட்டும் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு கருவி கையில் இருக்கிறது. 1961ஆம் ஆண்டுக் கல்யாணச் சட்டம் 'இந்திய மதச் சடங்குகள்' படி கல்யாணம் செய்துவைக்க மதகுருக்களை மேரேஜ் ஆஃபீசராக நியமிக்க இடம் தருகிறது. அந்த அதிகாரம் உள்ள ஐயர், "நான் மணமக்களைத் தனித்தனியே பார்க்காமல் தேதி கொடுப்பதில்லை, எல்லோருக்கும் இதே விதி" என்று எப்போதும் வைத்துக்கொண்டால், எந்தப் பெண்ணும் தனியாகச் சுட்டிக்காட்டப்பட மாட்டாள். ஒருத்திக்காக மட்டும் விதியை உருவாக்கினால் வீட்டுக்குச் சந்தேகம் வரும்.

## சோஷியல் வொர்க்கரும் ஃபார்ம் 22உம்

18 வயதுக்குக் கீழ் என்றால் இதுதான் முதல் வாசல்.

2005ஆம் ஆண்டின் 38ஆம் எண் குழந்தைகள் சட்டத்தின் 12ஆம் பிரிவு இரண்டு விஷயம் சொல்கிறது. சட்டப்படியான கல்யாண வயது வராத பிள்ளையைக் கல்யாணம் செய்து கொடுக்கவோ நிச்சயம் செய்யவோ கூடாது. அந்த வயது வந்த பிள்ளையையும் அதன் சம்மதம் இல்லாமல் கொடுக்கக் கூடாது. நிச்சயமும் இதில் அடக்கம் என்பதைக் கவனியுங்கள். "வெறும் பாக்கு வெற்றிலைதானே மாற்றினோம், கல்யாணம் படிப்பு முடிந்துதான்" என்ற பதில் சட்டத்தின் முன் நிற்காது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு 15, ஆணுக்கு 18 என்று எல்லை போட்டு, 18 ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதமும் வேண்டும் என்றது. அதைக் காட்டி "நாங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டோம்" என்பவர்கள் உண்டு. அவர்கள் கையெழுத்து அவள் சம்மதத்துக்கு ஈடாகாது.

110ஆம் பிரிவில் யார் யார் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது: டீச்சர், டாக்டர், நர்ஸ், மிட்வைஃப், சோஷியல் வொர்க்கர், சைக்காலஜிஸ்ட், வக்கீல், மதத் தலைவர் என்று அது நீள்கிறது. ஆமாம், கோவில் ஐயரும் அதில் இருக்கிறார். பிள்ளைக்கு உடல் காயம் வரும்படி கொடுமை நடந்தது, பாலியல் கொடுமை நடந்தது, வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டார்கள் என்று நியாயமான காரணத்தோடு முடிவுக்கு வந்தால், பட்டியலில் உள்ளவர் ஃபார்ம் 22 நிரப்பி மாகாண சமூக மேம்பாட்டுத் துறையிடமோ, நியமிக்கப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடமோ, போலீஸிடமோ கொடுக்க வேண்டும். இன்னும் எதுவும் நடக்கவில்லை, கல்யாணப் பேச்சு மட்டும்தான் என்றாலும், பிள்ளைக்குப் பாதுகாப்பு தேவை என்று நம்பும் எவரும் புகார் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்தவர் மேல் சிவில் வழக்குப் போட முடியாது. பிள்ளை மேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் 2007ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டத்தின் 54ஆம் பிரிவு எல்லோரையும் கட்டும். உடனே போலீஸிடம் சொல்ல வேண்டும்.

ஆகவே "அவளிடம் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டேன்" என்ற நிலைக்கு வராதீர்கள். அவள் வாய் திறக்கும் முன்பே, "நீ சொல்வதில் சிலவற்றை நான் மேலே சொல்லியே ஆகணும், ஆனால் உன் அம்மா அப்பாவிடம் சொல்லமாட்டேன்" என்று தெளிவாகச் சொல்லிவிடுவது நாணயம்.

இதன் பலம்: அரசாங்கத்தின் கை பிள்ளையின் பக்கம் வருகிறது. 155ஆம் பிரிவின் கீழ் சோஷியல் வொர்க்கர் விசாரித்து 90 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அவசரம் என்றால் சோஷியல் வொர்க்கரோ போலீஸோ கோர்ட் உத்தரவுக்குக் காத்திராமல் பிள்ளையைத் தற்காலிகப் பாதுகாப்பில் வைக்கலாம். இன்னும் நல்லது 153ஆம் பிரிவு: பிள்ளையை வெளியே எடுப்பதற்குப் பதிலாக, கொடுமை செய்பவரை வீட்டைவிட்டுப் போகும்படி போலீஸ் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க முடியும். பலருக்கு இந்தப் பிரிவு இருப்பதே தெரியாது. நீங்கள் கேட்டால்தான் அது மேசைக்கு வரும்.

செலவு: சோஷியல் வொர்க்கர்கள் கையில் வேலை மலைபோல். புகார் வந்ததும் பழக்கதோஷத்தில் முதலில் வீட்டுக்குப் போன் போட்டு "உங்கள் மகளைப் பற்றி" என்று தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். ஃபார்ம் 22ஓடு ஒரு தனிக் குறிப்பு வையுங்கள்: பெற்றோரைத் தொடர்புகொள்ளும் முன் பிள்ளையைப் பள்ளியிலேயே பார்க்கவும், பயணத் தேதி இன்னது, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது. அனுப்பியதோடு விடாமல் போன் செய்து யார் கையில் இருக்கிறது என்று பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையை வேறு இடத்தில் வைத்தால் பள்ளி மாறும். மெட்ரிக் வருடத்தில் அது பெரிய அடி. வீட்டில் இருக்கும் தங்கச்சிமார்களைப் பற்றியும் அதே ஃபார்மில் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த வரனை அவளுக்குத் திருப்பிவிடுவார்கள்.

## போலீஸும் பாதுகாப்பு உத்தரவும்

அடி, பூட்டி வைத்தல், கொலை மிரட்டல், இன்னும் சில நாளில் விமானம் என்றால் 10111ஐக் கூப்பிட யோசிக்க வேண்டாம். பாலியல் வன்முறை நடந்துவிட்டது என்றால் ஆர்.கே. கான் ஆஸ்பத்திரியிலோ ஃபீனிக்ஸ் மகாத்மா காந்தி ஆஸ்பத்திரியிலோ உள்ள துத்துஸேலா மையம் வழியாகப் போவது நல்லது. மருத்துவப் பரிசோதனை, கவுன்சலிங், வாக்குமூலம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால் நேரமும் முக்கியம்.

1998ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் பலர் நினைப்பதுபோல் கணவன் மனைவிக்கு மட்டும் உரியதில்லை. அப்பா, அண்ணன், மாமா, நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை எல்லோருக்கும் எதிராகப் பாதுகாப்பு உத்தரவு, அதாவது கொடுமையை நிறுத்தச் சொல்லும் கோர்ட் உத்தரவு, கேட்கலாம். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதை நம் விஷயத்துக்கு நேராகவே கொண்டுவந்துவிட்டது: ஒருவர் செய்யாமலிருக்க உரிமையுள்ள ஒன்றைச் செய்யும்படி கட்டாயப்படுத்துவதும் இப்போது குடும்ப வன்முறை. ஆளைத் தனிமைப்படுத்துவது, அன்றாட நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் அப்படியே. உடம்பில் தழும்பு காட்ட வேண்டியதில்லை.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இரண்டு விஷயங்கள். ஒன்று, 18 ஆகாத பிள்ளைகூடப் பெற்றோர் துணையில்லாமல் தானே விண்ணப்பிக்கலாம். இரண்டு, டீச்சர், சோஷியல் வொர்க்கர், மருத்துவப் பணியாளர், கவுன்சலர், போலீஸ்காரர் ஆகியோர் அவளுக்காக விண்ணப்பிக்கலாம். வயது வந்தவள் என்றால் எழுத்தில் அவள் சம்மதம் வேண்டும். மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் கட்டணம் இல்லை. எதிர்த் தரப்புக்குச் சொல்லாமலே இடைக்கால உத்தரவு கிடைக்கும், கூடவே கைது வாரன்ட்டும். உத்தரவை மீறினால் அது உயிர்பெறும். அவள் தங்கும் முகவரியை உத்தரவில் எழுதாமல் விடுவதே வழக்கம்.

விலையும் அதற்கேற்றதுதான். இடைக்கால உத்தரவு ஒரு தேதிவரைதான். அந்தத் தேதியில் அப்பா கோர்ட்டுக்கு வந்து தன் பக்கத்தைச் சொல்லலாம், அவளும் அங்கே நிற்க வேண்டும். வராந்தாவில் அம்மா அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பார், பெரியம்மா கையைப் பிடிப்பார். பல விண்ணப்பங்கள் அந்த வராந்தாவில்தான் கைவிடப்படுகின்றன. கூட யார் போவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். இன்னொன்று, போலீஸ் கவுன்டரில் இருப்பவர் சில சமயம் அதே தெருக்காரர், அப்பாவுக்குத் தெரிந்தவர். அப்படிச் சந்தேகம் இருந்தால் குடும்ப வன்முறை, குழந்தைப் பாதுகாப்பு, பாலியல் குற்றங்களுக்கான தனிப் பிரிவை நேரடியாகக் கேளுங்கள்.

"நம் வழக்கம்" என்ற வாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிழக்கு கேப்பிலிருந்து 14 வயதுப் பெண்ணை உகுத்வாலா என்ற, பெண்ணைத் தூக்கிக்கொண்டுபோய் மணக்கும் வழக்கத்தின் பெயரில் மணம்செய்து கேப்டவுனுக்குக் கொண்டுபோனவர், கோர்ட்டில் வழக்கத்தையே தற்காப்பாகச் சொன்னார். 2015இல் மேற்கு கேப் உயர்நீதிமன்றம் அதை ஏற்காமல், ஆள் கடத்தல், பாலியல் வன்புணர்வுத் தண்டனைகளை உறுதிசெய்தது. அந்தப் பெண்ணைக் கொடுத்ததில் அவளுடைய சொந்தக்காரர்களுக்கே பங்கு இருந்தது. அந்த வழக்கம் நம்முடையது இல்லைதான். ஆனால் அந்த வாதம் நமக்கும் உதவாது.

## ரகசியமாகத் துணை நிற்பது

22 வயதுப் பெண், வேலைக்குப் போகிறாள், அப்பாவைப் போலீஸில் கொடுக்க மாட்டேன் என்கிறாள், கல்யாணமும் வேண்டாம் என்கிறாள். இப்படிப்பட்டவர்கள்தான் அதிகம். இவர்களைப் புகாருக்குத் தள்ளினால் நம்மையும் விட்டு ஓடிவிடுவார்கள். அவள் மன ஊனமோ உடல் ஊனமோ உள்ளவள் என்றால் கணக்கு மாறும்; 2023 திருத்தத்தின்படி ஊனமுற்றவர் மீது குடும்ப வன்முறை நடப்பதாக நம்பும் எந்த வயது வந்தவரும் அதைச் சொல்லியாக வேண்டும்.

மற்றபடி இங்கே வேலை மெதுவானது. ஐ.டி. புத்தகம் அல்லது ஸ்மார்ட் கார்டு, பிறப்புச் சான்றிதழ், மெட்ரிக் சான்றிதழ், பாஸ்போர்ட் ஆகியவற்றின் நகல் உங்கள் அலுவலகத்தில் ஒரு கவரில் இருக்கட்டும். சம்பளம் அவள் பெயரில் மட்டும் உள்ள கணக்குக்கு மாறட்டும். வாட்ஸ்ஆப் தம்பியின் கம்ப்யூட்டரிலும் திறந்திருக்கிறதா, கூகுள் கணக்கை வீட்டில் யாராவது பார்க்கிறார்களா என்று பாருங்கள்; "உன்னை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள்" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு சாதாரண வாக்கியத்தை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள், அது வந்தால் நீங்கள் போலீஸைக் கூப்பிடுவதாக ஒப்பந்தம். தங்குமிடம் தேவைப்பட்டால் பாலின வன்முறைக் கட்டளை மையம் 0800 428 428இல் எந்நேரமும் எடுப்பார்கள். பேச முடியாத இடத்திலிருந்து *120*7867# என்று அடித்தால் அவர்களே திரும்பக் கூப்பிடுவார்கள். பிள்ளைகளுக்குச் சைல்ட்லைன் 116.

இதன் விலையை அவளிடம் மறைக்கக் கூடாது. முதல் மாதம் விடுதலை மாதிரி இருக்கும். பிறகு தீபாவளி வரும், தம்பி பிறந்தநாள் வரும், யாரும் கூப்பிடமாட்டார்கள். திரும்பிப் போகும் பெண்கள் இந்தத் தனிமையில்தான் போகிறார்கள். போனாலும் கதவைச் சாத்தாதீர்கள், "சொன்னேனே" என்று சொல்லாதீர்கள்.

பொறுத்துப் பார்க்கலாம் என்று சும்மா இருப்பது ஐந்தாவது வழி, உண்மையில் அதிகம் கையாளப்படுவதும் அதுவே. அதை ஒப்பிட ஒன்றுமில்லை. எல்லா விலையையும் அவள் மட்டும் கொடுக்கிறாள்.

## ஊருக்குக் கூட்டிப் போகிறார்கள் என்றால்

"பாட்டிக்கு உடம்பு சரியில்லை, இரண்டு வாரம் போய்வரலாம்" என்ற பயணத்தில் கணக்கு மாறிவிடும். தென்னாப்பிரிக்க கோர்ட் உத்தரவு மதுரையிலோ வவுனியாவிலோ தானாக வேலை செய்யாது. ஆகவே விமானத்துக்கு முன்னால் செய்வதுதான் பலன் தரும். 18 ஆகாத பிள்ளை நாட்டைவிட்டுப் போக, காப்பாளர்கள் எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்று குழந்தைகள் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. பிரிந்து வாழும் அப்பாவோ அம்மாவோ மறுத்தால் பயணம் அங்கேயே நிற்கும். இருவருமே சேர்ந்து கொண்டுபோகிறார்கள் என்றால் உயர்நீதிமன்றத்துக்கு அவசர மனு போட வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் லீகல் எய்ட் 0800 110 110. இந்த நிலையில் ஃபார்ம் 22 மட்டும் போதாது, போலீஸையும் சேர்த்தே சொல்லுங்கள். வயது வந்தவள் என்றால் டிக்கெட் நகல், போகும் வீட்டு முகவரி, திரும்பும் தேதி ஆகியவற்றை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அந்தத் தேதிக்கு மறுநாள் அவளிடமிருந்து சத்தமில்லை என்றால், தேடத் தொடங்க உங்களிடம் ஏதாவது இருக்கும்.

## கல்யாணம் முடிந்துவிட்டது என்றால்

முதலில் அது சட்டப்படி கல்யாணமா என்று பாருங்கள். கோவிலில் தாலி கட்டியது, மேரேஜ் ஆஃபீசராக நியமிக்கப்பட்டவர் இல்லாமல் நடந்திருந்தால், பொதுவாக அது சடங்கு மட்டுமே. சட்டப்படியான சிவில் கல்யாணம் ஆகாது. இதில் இரண்டு பக்கமும் உண்டு. அவள் வெளியே வர டைவர்ஸ் தேவைப்படாமல் போகலாம். அதே சமயம், பல வருடம் வாழ்ந்த பிறகு சொத்து, வாரிசு என்று கேட்கும்போது கை வெறுமையாகவும் இருக்கலாம். உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் இந்துச் சடங்குப்படி மணந்த மனைவிக்குப் பங்கு உண்டு என்று 2008இல் டர்பனில் கோவெந்தர் - ராகவையா வழக்கில் தீர்ப்பு வந்ததே இந்தக் குழப்பத்தால்தான்.

பதிவாகியிருக்கிறதா என்று தெரியவில்லையா? எம் என்ற ஆங்கில எழுத்தையும் பிறகு அவள் ஐ.டி. எண்ணையும் 32551க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஹோம் அஃபேர்ஸ் பதிவில் அவள் நிலை என்ன என்று பதில் வரும். பதிவாகியிருந்து, மிரட்டலால் நடந்தது என்றால் அந்தக் கல்யாணத்தை ரத்து செய்யும்படி உயர்நீதிமன்றத்தில் கேட்கலாம். தாமதித்தால், "இத்தனை நாள் சேர்ந்து வாழ்ந்தாளே" என்பது எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியாக இருக்கும். ஆகவே அவள் உங்களிடம் முதன்முதலில் சொன்ன தேதி, அவள் சொன்ன வார்த்தைகள், நீங்கள் கண்ணால் பார்த்தவை எல்லாம் அன்றே எழுதிக் கையெழுத்திட்டு, குடும்பத்தார் யாரும் திறக்க முடியாத கோப்பில் வையுங்கள்.